வரிசையின் வால்

ஏழாம் எண் ஏறுசாலையில் குறையில்லை என்கிறது கேமரா.
கால்மணிக்கு முன்னூற்று எண்பது வண்டி.
அடுத்த கால்மணிக்கும் முன்னூற்று எண்பது.
வரைபடத்தில் கோடு
இஸ்திரி போட்ட வேட்டிக் கரைபோல் நேராகக் கிடக்கிறது.
"பார், எவ்வளவு சீராகப் போகிறது" என்கிறார் ஹிஷாம்,
என் மேலாளர்.
அவர் வீடு அலுவலகத்துக்குப் பின்தெரு.

இது வந்தவர் கணக்கில்லை, என்றேன்,
விட்டவர் கணக்கு.
குழாயடியில் தண்ணீரை அளந்தால்
குழாயின் அகலம்தான் தெரியும்.
குடம் எத்தனை என்று
கடைசிக் குடத்துக்காரியிடம் போய்க் கேட்கவேண்டும்.

மசூதை அனுப்பினோம்.
காயல்பட்டினத்துக்காரர்.
கையில் எண்ணும் பொறி;
திக்ருக்கு வாங்கியதாம், ஷார்ஜா ரோலாவில், மூன்று திர்ஹம்.

ஐந்து ஐம்பதுக்கு முதல் அழைப்பு:
"சார், வால் பெட்ரோல் பங்க் பக்கத்துல இருக்கு."
ஆறு ஐந்துக்கு:
"பங்க்கைத் தாண்டிடுச்சு, டயர் கடைக்குப் போறேன்."
ஆறு இருபதுக்கு, மூச்சு வாங்க:
"ரவுண்டானாவுக்குள்ள நுழைஞ்சிடுச்சு சார்.
ராம்புக்கே வராதவனும் மாட்டிக்கிட்டான்.
ஸ்கூல் வேன் ஒண்ணு சும்மா நிக்குது,
உள்ள புள்ளைங்க டிபன் பாக்ஸைத் திறந்துட்டாங்க."
பின்னால் ஹாரன்.
யாரோ யாருடைய அக்காவையோ இந்தியில் இழுத்தார்.

சூத்திரம் எளிது.
வந்ததில் போனதைக் கழி,
மிச்சத்தை அடுத்த கால்மணியின் தலையில் ஏற்று.
ஆறரைக்கு நூற்றுப் பத்து.
ஆறே முக்காலுக்கு இருநூற்று அறுபது.
விசாவுக்கு வாங்கிய கடனை
வட்டியோடு நான்கு வருடம் உருட்டியவன் நான்;
இந்தக் கூட்டலை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
ஏழு மணிக்கு எவ்வளவு என்று பார்க்கவில்லை.
டீ குடிக்கப் போய்விட்டேன்.

இரண்டாம் வாரம் மசூது ஐந்துக்கே போனார்.
வால் அவருக்கு முன்பே வந்திருந்தது.
கூட்டம் பெருகுகிறது என்பார்கள்;
இங்கே அது அதிகாலைக்குள் நகர்கிறது,
உறக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்றபடி.
மூன்றாம் வாரம் அவர்
வாலின் வாலைத் தேடி
சஜாவில் ஒரு கேம்ப் வாசல்வரை போய்விட்டார்.
ஏழு பேருந்துகள், எஞ்சின் அணையாமல்.
உள்ளே குளியலறைக்கு முன் நாற்பது பேர்,
தோளில் துண்டு, வாயில் பிரஷ்.
மணி மூன்றே முக்கால்.
"சார், இவங்களையும் அமுக்கவா?"

தூக்கக் கலக்கத்தில் நான் பதில் சொல்லவில்லை.
பிறகு, அமுக்குங்க, என்றேன்.

அறிக்கையில் எழுதினேன்:
கொள்ளளவு ஒன்று என்றால் தேவை ஒன்று புள்ளி நான்கு.
ஹிஷாம் சிவப்பில் வட்டமிட்டார்.
ஒன்றைத் தாண்டி எப்படிப் போகும்?
போகவில்லை சார், அதுதான் சங்கதி.
போகாதது எங்கே, காட்டு.

காட்டினேன்.
நிறுத்திய படத்தில் ஒரு பேருந்து,
சன்னலுக்குச் சன்னல் சாய்ந்த நெற்றிகள்.
கண்ணாடியில் ஒவ்வொரு நெற்றிக்கும்
எண்ணெய் வட்டம் ஒன்று,
நேற்றையதன் மேலேயே இன்றையது.
அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"வியாழனுக்குள் முடித்துவிடு" என்றார்.

முடித்துவிடலாம். ஒன்றுதான் இடிக்கிறது.
ஆறு நாற்பத்திரண்டு, கேமரா இரண்டு:
பேருந்திலிருந்து ஓர் ஆள் இறங்குகிறார்.
ஹெல்மெட் விரலில் தொங்க
ஓரத் தடுப்பை ஒட்டி ராம்ப் மேல் நடக்கிறார்.
முப்பத்தொரு வண்டிகளைத் தாண்டினார், எண்ணினேன்.
ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கார், வேன், பஸ், லாரி
என்று நான்கு பத்திகள் என் அட்டவணையில்.