பதினைந்து துண்டு

பெட்ஃபோர்டில் ஒரு பங்களாவைக் காலி செய்தார்கள்.
பீங்கான், திரைச்சீலை, கால் ஒடிந்த பியானோ ஸ்டூல்
எல்லாம் புல்வெளியில் விலைச்சீட்டோடு கிடந்தன.
அமலதாஸ் தூக்கி வந்தது ஒரு ஷூ பெட்டி.
உள்ளே பச்சை இன்ஜின், மூன்று பெட்டி, ஒரு மின்மாற்றி,
வளைந்த தண்டவாளம் பதினைந்து துண்டு.
பதினாறு இருந்தால்தான் வட்டம்.
"ஒண்ணுதானே குறையுது" என்றார்,
பல் பிடுங்கிய டாக்டர் மாதிரி.

அருவங்காட்டில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தைத்
தோட்டம் என்றால் சிரிப்பார்கள்.
இரண்டு படி மண், ஒரு மரத்தக்காளி,
சௌசௌ ஏறின கம்பிவேலி,
அதற்கப்புறம் பள்ளம்.

கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கினார்.
கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி.
எங்கே வைத்தாலும் அது ஊட்டிப் பக்கமே ஓடியது.
மண்ணில் வைத்தார், கல்லில் வைத்தார்,
சந்தேகம் வந்து சமையல் மேடையில் வைத்தார்.
அங்கிருந்தும் ஊட்டிக்கே போனது.
பதினோரு வருஷமாக
என் தோசை ஒரு பக்கம் தடிப்பதற்கு
நான் என் கையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை
பெரிய ரயில் பல்லால் கடித்துக்கொண்டு ஏறும்.
இதற்குப் பல் கிடையாது.
விரல் கனம் மேடு வந்தால் போதும்
சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்,
முனகும், கருகின வாசனை விடும்.
காரட் பெட்டிப் பலகையை அடியில் கொடுத்துக் கொடுத்து
மூன்று ஞாயிறு மலையோடு பேரம் பேசினோம்.
வட்டம்தான் இல்லையே,
வலம் ஒன்று இடம் ஒன்றாகத் திருப்பிப் போட்டார்.
துணி துவைக்கும் கல்லில் கிளம்பி
தண்ணீர்த் தொட்டியில் முடிகிற பாம்பு.

இன்ஜின் நெற்றியில் ஒரு குட்டி நெம்புகோல்.
அதைத் தள்ளினால்தான் திரும்பி வரும்.
அதனால் அந்தக் கடைசியில் ஒரு ஆள் வேண்டும்.

எனக்கு ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி.
அவருக்கு ஆலையில் இரவு ஷிஃப்ட்.
நடுவில் இருபது நிமிஷம்,
அதிலும் பாதி அவர் சாக்ஸ் தேடுவதில் போகும்.
இப்போது நான் கல்லில் உட்காருகிறேன்,
அவர் தொட்டியில்.
முதல் நாள் வர்க்கி ஏற்றினார், வளைவில் கவிழ்ந்தது.
பிறகு சாவி வந்தது,
கேஸ் புக் பண்ணச் சொல்லி ஒரு சீட்டு வந்தது.
பேசாமலிருந்த ஒரு வாரத்தில்
நடுப்பெட்டியில் ஒரு சட்டைப் பொத்தான் வந்தது.
ஊசியும் நூலும் ஏற்றித் திருப்பி அனுப்பினேன்.

பனி விழுந்த காலைகளில் மின்சாரம் பிடிக்காது.
பழைய பனியனால் தண்டவாளத்தைத் துடைப்பேன்,
பிறந்த குழந்தையின் காதைத் துடைக்கிற மாதிரி.
மின்மாற்றிக்கு ஒரு பிளாஸ்டிக் வாளிதான் கூரை.

ஐப்பசியில் ஒரு ராத்திரி காட்டெருமை வந்து போனது.
சௌசௌ பாதி இல்லை. வேலி சாய்ந்திருந்தது.
தண்டவாளத்தில் மட்டும் ஒரு கீறல் இல்லை.
ஆறாவது துண்டுக்கு ஒட்டினாற்போல்
சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரே ஒரு குளம்பு.
"லெவல் கிராசிங் பாத்துத்தான் தாண்டியிருக்கு"
என்றார் பக்கத்து வீட்டு ஹாலன், பீட்ரூட் மண்ணோடு.
மழையில் அது நிரம்பியது.
தட்டான் வந்தது, பிறகு ஒரு தவளை.
ஓரம் சரிந்து பலகை தொங்கியது.
தொண்டை பார்க்கிற மரச்சில் நாலு
ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வந்து பாலம் போட்டேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் பாலத்துக்கு எண் எழுதியிருந்தார்: 1.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வந்தது.
எட்டு மாசம் யார் யாரிடமோ சொல்லிவைத்துக்
கிடைத்த பதினாறாவது துண்டு.
அதே வளைவு, கொஞ்சம் துரு.
மேசையில் வைத்தோம். பார்த்தோம்.
வட்டமாகப் போட்டால்
அது தன்பாட்டுக்குச் சுற்றும், தள்ளிவிட ஆள் வேண்டாம்.
"ஞாயித்துக்கெழமை போட்டுரலாம்" என்றார்.
"போட்டுரலாம்" என்றேன்.

ஞாயிறு மழை.
அடுத்த ஞாயிறு வெயில் அடித்தது,
அவர் சாய்ந்த வேலியைக் கட்டினார்.
துண்டு இப்போது ஃபியூஸ் கம்பி டப்பாவில் இருக்கிறது.
மேடை சரிவில் அந்த டப்பா
மெல்ல மெல்ல நகர்ந்து
சுவரை ஒட்டி நிற்கிறது.