இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

லைசென்ஸ் முடிய இன்னும் ஒன்பது நாள்.
புதுப்பிக்க டொலரில் கேட்கிறார்கள்.
எங்களிடம் இருப்பது ரூபாயும்
மூன்று மணிக்குப் போய்விடும் கரண்டும்.
"எந்த மென்பொருள் நல்லதென்று
ஒரே பக்கத்தில் எழுதித் தாங்க,
படம் கிடம் வேண்டாம்" என்றார் மிஸிஸ் அபேரத்ன.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
கரையோர ரயில் போகும்போதெல்லாம்
மொனிட்டர் மெல்லத் தலையாட்டும்.
பரீட்சைக்கு ஒரு பழைய கோப்பை எடுத்தேன்:
கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, முகத்துவாரம்,
அறுநூற்று நாற்பது பெண்களின் பதில்கள்.
ஒன்பதாம் பத்தி: கணவரின் வயது.

வேகத்தை ஒப்பிட்டிருக்கலாம்.
விலையை, வரைபடத்தின் அழகை.
நான் போய் மாட்டிக்கொண்டது
ஒரு வெற்றுக் கட்டத்தில்.

எக்செல் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.
சராசரி கேட்டால் தாண்டிப் போனது.
பக்கத்துக் கட்டத்தோடு கூட்டச் சொன்னால்
பூச்சியம் என்று எடுத்துக்கொண்டது.
(முன்னொரு காலம் இங்கிருந்த கிளார்க்
வெற்றிடமெல்லாம் தொண்ணூற்றொன்பது போட்டு வைக்க,
ஒரு வருஷ அறிக்கையில்
கொழும்பு வடக்கே மூப்பெய்திப் போனதாம்.)

எஸ்.பி.எஸ்.எஸ். மரியாதை தெரிந்தது.
ஒரு புள்ளி வைத்து,
அட்டவணையின் அடியில்
'விடுபட்டவை: 1' என்று தனி வரி கொடுத்து,
'செல்லுபடியான சதவீதம்' வந்ததும்
சத்தமில்லாமல் ஆளை வெளியே அனுப்பியது,
டோக்கன் தந்து உட்கார வைத்த வங்கி
நேரம் முடிந்ததென்று கதவைச் சாத்துவதுபோல.

ஸ்டேட்டாவுக்கு விடுபட்டது
எந்த எண்ணையும் விடப் பெரியது.
எழுபதுக்கு மேற்பட்டோரைக் காட்டு என்றேன்.
கிழவர்களின் வரிசையில்
கடைசி ஆளாக வந்து நின்றார்.
சாஸில் தலைகீழ்:
எந்த எண்ணையும் விடச் சிறியது.
பதினைந்துக்குக் கீழே யார் என்றேன்,
அவர் ஒருவர்தான்.

ஆர் மட்டும் அடம்பிடித்தது.
அறுநூற்று முப்பத்தொன்பது வயதுகள்
கையில் இருந்தும்
சராசரி கேட்டால்
தெரியாது என்றது.
மொத்தம்? தெரியாது.
ஆகக் கூடியது? தெரியாது.
ஒருவரைத் தெரியாத இடத்தில்
எவரைப் பற்றியும் பேசமாட்டேன் என்பதுபோல.
"இது பழுதா?" எட்டிப் பார்த்தார் மிஸிஸ் அபேரத்ன.
"இல்லை மிஸ், அதன் சுபாவம்."

அலுமாரியின் அடித்தட்டில் வினாக்கொத்துகள்.
கரப்பான் அரித்த கட்டைப் பிரித்து
212ஐத் தேடி எடுத்தேன்.
பஸ்மிலாவின் கையெழுத்து.
அவள் இப்போது கட்டாரில்.
வயதுக்கான பெட்டி வெறுமை.
ஓரத்தில், பென்சிலால்:

'போறப்ப இருந்த வயசா,
இப்ப இருந்தா ஆகியிருக்கிற வயசா
எதச் சொல்லனு கேட்கிறார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பிளேன்டீ தந்தார். குடித்தேன்.'

ஐந்து மென்பொருளிலும்
ஓரம் என்று ஒன்று இல்லை.

ஆர் இலவசம், பரிந்துரைக்கிறேன் என்று எழுதினேன்.
மிஸிஸ் அபேரத்னவுக்கு
அந்த முதற்சொல்லே போதும்.
"சராசரி மட்டும் வர வைச்சிடுங்க."
அதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது:
விடுபட்டதை நீக்கு, சமன், உண்மை.
அடித்தேன்.
நாற்பத்தாறு தசம் எட்டு என்று வந்தது,
இவ்வளவு நேரமும்
வாசலில் நின்றதுபோல் உடனே.

மூன்று மணி.
மின்விசிறி ஓய்ந்தது, திரை இருண்டது.
சேமித்தேனா என்று யோசிக்கையில்
பாணந்துறைப் பக்கம் போகும் ரயில்
மேசையை ஆட்டிவிட்டுப் போயிற்று.
வினாக்கொத்து இன்னும் மடியில் கிடந்தது.
கட்டில் திருப்பி வைக்க வேண்டும்,
இருநூற்றுப் பதினொன்றுக்கும்
இருநூற்றுப் பதின்மூன்றுக்கும் நடுவில்.