பொய்க்கால்

டிஜோன் நகரில் இந்த வீட்டைக் கட்டியவர்கள்
ஒருநாளும் இதில் குடியிருந்ததில்லை.
தெருவுக்கு எதிர்ப்புறம், மதிலுக்கு அந்தப் பக்கம்,
மடத்துச் சகோதரிகள் முப்பத்தொரு பேர்.
வெளியே வருவதில்லை என்று வாக்குக் கொடுத்தவர்கள்.
வாடகை வந்தால்தான் மெழுகுவத்தியும் மீனும் என்பதால்
கட்டினார்கள், நான்கு மாடி.

ஓக் மரப் படிகள் எண்பத்து மூன்று.
தச்சனுக்குக் கொடுத்ததைக் காசு விடாமல் எழுதிய
கணக்குக்காரச் சகோதரி ஸ்கொலாஸ்திக்
ஓரத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்:
"ஏறிப் பார்த்தார்கள். முனகல் இல்லையாம்."
முனகாதது படியா, ஏறிய ஆளா
என்று அவள் தெளிவாக்கவில்லை.
அந்தப் பக்கத்தின் நகல்
தபால் பெட்டிகளுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது.

எனக்குத் தெரியும், இரண்டும் முனகும்.
நான்காம் மாடி. இடது காலில் மாவுக்கட்டு.
லிஃப்ட் கேட்டுப் போட்ட மனு
மூன்று முத்திரையோடு திரும்பி வந்தது:
படிக்கட்டு அரசின் பாதுகாப்பில் உள்ளது.
ஆணி அடிக்கக் கூடாது. வர்ணம் பூசக் கூடாது.
என் முட்டியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

ஆகவே உட்கார்ந்தபடி இறங்குகிறேன்.
படிக்கு ஒரு மூச்சு.
ஊன்றுகோல்களை முன்னே அனுப்பினால்
தடதடவென்று எனக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகின்றன.
இப்படி இறங்கினால்தான் தெரிகிறது,
முன்னூறு வருடக் காலடிகள் தேய்த்த குழி
என் இடுப்புக்கு அளவெடுத்தது போலிருப்பது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில்
ஒருவர் குப்புறப் படுத்திருந்தார்.
டார்ச், பூதக்கண்ணாடி, முழங்கை முழுக்கத் தூசு.
பாரம்பரியத் துறை ஆய்வாளர் லெஸ்கூர்.
ஐந்தாண்டுக்கு ஒருமுறை வந்து
கைப்பிடியைத் தாங்கும் கடைசல் கால்களை எண்ணுகிறவர்.
"மன்னிக்கவும், வழியை மறைக்கிறேன்."
"நானும்தான்."

நாற்பத்தோராவது காலை விரலால் தட்டிக் காட்டினார்.
மற்றவை கிண்ணென்றன, இது பொத்தென்றது.
ஓக் இல்லை. பாப்லர்.
பியானோ ஏற்றும்போதோ
சவப்பெட்டி இறக்கும்போதோ எவரோ உடைத்துவிட்டு,
விடிவதற்குள்
ஒரு மேசையின் காலைக் கழற்றிச் செருகியிருக்கிறார்கள்.
அந்த மேசை என்ன ஆனது
என்பதுதான் அவருடைய இருபது வருடக் கவலையாம்.

"பிடுங்கிவிடுவீர்களா?"
"எப்படி? ஆணையில் கையெழுத்தானபோது
இது இங்கே நின்றிருக்கிறது.
இதற்கும் பாதுகாப்பு உண்டு."

அன்றைக்கு நான் பிறக்கவில்லை. என் பிழை.

எந்தெந்தப் படி சத்தமிடும் என்று கேட்டார்.
பதினேழு, ஐம்பத்திரண்டு, மழை பெய்தால் அறுபதும்.
ஒழுங்காகக் குறித்துக்கொண்டார்.
பிறகு என் ஊன்றுகோல்களைக் கக்கத்தில் இடுக்கி
ஓரமாக, சுவரை ஒட்டி,
பூனைபோல் இறங்கிப் போனார்.
அவர் போன தடத்தில் ஒரு சத்தமில்லை.

நான் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டேன்.
ஆடியது.
கீழே டாக்சிக்காரன் இரண்டாவது முறை ஹாரன் அடிக்கிறான்.
இன்னும் நாற்பத்தொரு படி.