குழி எண் ஏழு

கிராண்ட்பாஸ் வீதியில் இடதுபுறம்
பதினொரு அடி போகுமாம்.
சுவர்களில் சிவப்புக் கோடு போட்டவர்கள் போய்விட்டார்கள்.
அந்தப் பதினொரு அடிக்குள்
எட்டுக் குழி தோண்டிப் பார்த்து
ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொடுக்க
எங்களுக்கு ஒன்பது நாள்.

ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர்.
நான்கு ஆணி, நைலோன் நூல்,
மட்டம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு சோம்பேறிக் குமிழி.

தார். அதன் கீழ் பழைய தார்.
அதன் கீழ் அதைவிடப் பழைய தார்,
தேர்தலுக்கு ஒரு விரல் தடிப்பாக.
பிறகு கபுக்கல் பொடி, சோடா மூடி, செருப்பின் குதி,
நீர்வழங்கல் சபைக்கே தெரியாத ஓர் ஈயக்குழாய்.
தூங்குகிறவனைத் தாண்டுவதுபோல
அதைச் சுற்றித் தோண்டினான் திலகசிறி.

பஞ்சர் கடை ஸவாஹிர் நானா
பத்து மணிக்குப் பிளேன்ரீ கொண்டுவருவார்.
"ஒண்ணும் அம்பிடலியா மிஸ்?
அம்பிட்டா ரோட்டு நிக்குமா?"
நிற்காது என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.
நிற்கும் என்று சொல்லவும்.
அவருடைய கடையின் ஆழம் ஒன்பது அடி.

ஐந்தாம் நாள் காலை
மூடியிருந்த தகரத்தை நகர்த்தியபோது
இரண்டாம் அடுக்கில், ஒரு பிஸ்கட் உறையின் மேல்
சப்பாணி கொட்டி உட்கார்ந்திருந்தது
செப்புக் காசு.
ஒல்லாந்தர் காலத்துக் காசு,
மூன்று எழுத்துகள் ஒன்றையொன்று பின்னியபடி.

மண்ணில் கிடந்த செம்பு பச்சை பிடித்திருக்கும்.
இதுவோ புளி போட்டுத் தேய்த்த
பெருநாள் தட்டத்தின் நிறம்.
இரவு மழை பெய்திருந்தது.
குழியோரம் இறப்பர்ச் செருப்பின் தடங்கள்,
இடது காலில் குதி தேய்ந்தவை.

திலகசிறி என்னைப் பார்த்தான்.
நான் குழியைப் பார்த்தேன்.
கடைக்குள் ஸவாஹிர் நானா
ஏற்கெனவே காற்றிருந்த ரியூபுக்குக்
காற்றடித்துக்கொண்டிருந்தார்.

துறைமுகத்தில் மண் அள்ளிய எவனோ
கடனுக்குக் கொடுத்ததோ,
அல்மாரியில் பாஸ்போட்டுக்கும் கடை உறுதிக்கும் நடுவில்
எத்தனை வருஷம் வைத்திருந்தாரோ.
விற்றிருந்தால் ஒரு மாத வாடகை வந்திருக்கும்.

அளவுகோல் வைத்துப் படம் எடுத்தேன்.
வடக்கைக் காட்டும் அம்பு வைத்து இன்னொன்று.
பையில் போட்டு எண் இட்டேன்.
பொருள்: காசு. உலோகம்: செம்பு.
நிலை: மிக நன்று.
கிடைத்த விதம் என்ற பத்தியில் இரண்டே சொற்கள்,
பொருந்தாததை வெட்ட வேண்டும்:
இருந்த இடத்தில்.
இடம்பெயர்ந்தது.

இரண்டாவதை எனக்கு முன்பே பழக்கம்.
மல்லாவியில், பங்கீட்டு அட்டையின் மேல் மூலையில்
ஊதா மையில், சற்றுச் சாய்ந்து.
நாங்கள் ஐந்து பேர், முத்திரை ஒன்று.
கிளாக்கருக்கு அவசரம்.
எங்கிருந்து, ஏன் என்று எழுத
அந்த அட்டையிலும் இடம் இருக்கவில்லை.

"என்ன மிஸ், ஏதாச்சும்?"
கோப்பையை நீட்டினார்.
நகங்களில் கிறீஸ்,
கிறீஸுக்கு அடியில்
சாம்பல் கலந்த பழுப்பு என்று
நானே பதிந்துவைத்த மண்.
"காசு ஒன்று" என்றேன்.
"அல்லாவே!" என்றார்.
நன்றாகத்தான் நடித்தார்,
கண்ணை மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே விரித்துவிட்டார்.

முதலாவது சொல்லை வெட்டினேன்.
கை நடுங்கவில்லை; பேனைதான் ஒருமுறை எழுதவில்லை.
பிறகு குறிப்புகள் என்ற வெற்றிடத்தில்
யாரும் கேட்காத ஒன்றை எழுதினேன்:
குழியை அகலமாக்கிப் பார்க்க வேண்டும், மூன்று நாள்.

விதானாராச்சி சேர் போனில் சிரித்தார்.
ஒரு நாள் தந்தார்.

பின்னேரம், நான்காம் அடுக்கில் தண்ணீர் ஊறியது.
கொழும்பில் எங்கே தோண்டினாலும்
கடைசியில் இதுதான்.
எங்களிடம் இருந்தது ஒரு வாளி.
ஸவாஹிர் நானா தன்னுடையதையும் கொண்டுவந்தார்,
ஓட்டை எங்கே என்று பார்க்க
ரியூபை முக்கும் வாளி.
சாரத்தை மடித்துக் கட்டி
எனக்கு முன்னால் இறங்கினார்.