பெயர் இட்டவர்

சென்ட் காலனில் நவம்பர் மாதம்
நாலு மணிக்கே அணைந்துவிடும்.
மேசையில் இருநூற்றுப் பதினேழு அட்டைகள்.
எல்லாவற்றிலும் ஒரே கட்டம் காலி:
எழுத்தின் பெயர்.

அன்சியல்.
பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஓர் அங்குல உயரம்.
அளவுகோல் வைத்தேன். ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை.
யாரோ சலித்துக்கொண்டு சொன்ன மிகை
பெயராக ஒட்டிக்கொண்டது.

கோதிக்.
எழுதியவன் எவனும் கோத் அல்ல.
எப்போதோ கலைந்த கூட்டத்தின் பெயரை
இத்தாலியப் பண்டிதர்கள் எடுத்து எறிந்தார்கள்,
காட்டான் கை என்று.
எறிந்த கல்லுக்கு எண் கொடுத்து
கண்ணாடிக்குள் வைத்திருக்கிறோம்.

டெக்ஸ்டுரா, நெசவு.
இதற்கு எனக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை.
நூல் என்றால் நூல்தானே.
பாவு இழைபோல் கால்கள், கால்கள், கால்கள்.
உர்சினா பென்சில் முனையால் எண்ணுகிறாள்:
மினிமம் என்ற ஒரு சொல்லுக்குள்
பதினைந்து கால்.

ஃபிராக்டூர்.
போன பனிக்காலம் என் மணிக்கட்டு எக்ஸ்ரேக்கும்
டாக்டர் இதே சொல்லைத்தான் சொன்னார்.

"உங்களிடம் எப்படி?" என்றாள், காப்பி நேரத்தில்.
வட்டெழுத்து என்றேன்.
வட்டம் என்பார் ஒருவர்,
வடக்கு என்பார் இன்னொருவர்,
வெட்டு என்பார் மூன்றாமவர்;
மூவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.
"கிரந்தம்?"
முடிச்சு.
"அப்போ அங்கேயும் நூல்தான்"
என்று கோப்பையைக் கழுவப் போனாள்.

மீதி ஒரு கட்டு. பாஸ்டார்டா.
பாதி புத்தகக் கை, பாதி கணக்கர் கை,
அப்பன் பெயர் கேட்டு வைத்த பெயர்.
அசிங்கம், இனி ஹைப்ரிடா என்று போடுங்கள்
என்கிறது சுற்றறிக்கை.
ஹைப்ரிடாவின் மூலத்தைத் தேடினேன்:
வீட்டுப் பன்றிக்கும்
காட்டுப் பன்றிக்கும் பிறந்தது.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

இந்த நாட்டில் நானும்
முதலில் என் ஆக இருந்தேன்,
பிறகு எஃப், பிறகு பி, இப்போது சி.
அட்டை மாறிய நாள்களில்
கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்,
முகத்தில் ஒரு கோடும் கூடியிருக்கவில்லை.

முப்பத்தொன்றாம் பக்க ஓரத்தில்
அந்தக் கை எழுதியிருக்கிறது:
மை உறைகிறது, விரல் வலிக்கிறது.
தன் எழுத்துக்குப் பெயர் சொல்லவில்லை.
கேட்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அட்டையில் இல்லாத ஒரு கட்டத்தை
பென்சிலால் வரைந்தேன்:
பெயர் இட்டவர்.

உர்சினா குனிந்து பார்த்தாள்.
அழிப்பானைத் தன் இழுப்பறைக்குள் போட்டு
மூடினாள்.