கார் ஒன்றுக்கு ஆறு டாலர்

கார் ஒன்றுக்கு ஆறு டாலர்.
எட்டுப் பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தாலும் ஆறுதான்.
தனியாள் என்றால் நான்கு.
நடந்தோ சைக்கிளிலோ வந்தால் இரண்டு.
கேட்காதவர்களுக்கும் இதைச் சொல்லித்தான்
என் காலை தொடங்குகிறது.

ஃபுளோரிடாவில் ஜனவரி.
புல்லின் மேல் உறைபனி, ஆற்றின் மேல் ஆவி.
குளிர் ஏற ஏற எங்களுக்குக் கூட்டம்.
ஆறு சில்லிட்டால்
கடற்பசுக்கள் ஊற்றைத் தேடி வந்துவிடும்.
பாறையைப் பிளந்துகொண்டு அது
வருஷம் முழுக்க ஒரே சூட்டில் பொங்குகிறது,
எழுபத்திரண்டு டிகிரி,
பார்க்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

தோணியில் போய்த் தலை எண்ணுகிறவள் டெல்ஃபின்.
ஒன்பது மணிக்கு வாக்கி டாக்கி கரகரக்கும்:
"நூத்தி முப்பத்தேழு. ரெண்டு குட்டி."
நேற்றைய எண்ணை உள்ளங்கையால் அழித்துவிட்டு
பலகையில் எழுதுவேன்.
மாலை வரை கையில் சாக்குப்பொடி.

இந்தக் கூண்டிலிருந்து ஊற்று தெரியாது.
தெரிவதெல்லாம் தார்ச்சாலை,
ஓக் கிளைகளில் தொங்கும் நரைத்த பாசி,
கார்க் கூரைகளில் குப்புறக் கட்டிய கயாக்குகள்.
(ஆற்றில் இறக்கலாம், ஊற்றோடையில் கூடாது, மார்ச் வரைக்கும்.
இதையும் நான்தான் சொல்ல வேண்டும்,
முகம் சுளிப்பதையும் நான்தான் பார்க்க வேண்டும்.)

உள்ளே இருப்பதை
வெளியே வருகிறவர்களிடமிருந்து அறிகிறேன்.
ஒரு பெண் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்,
ஈரச்சிறகு உலர்த்தும் பாம்புத்தாரா என்று புரிந்தது.
முதலை பார்த்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.
பின்னிருக்கையில் ஒரு சிறுவன்
கண்ணாடியை இறக்கி, மூக்கை நீட்டி,
"ப்ஃபூ" என்று ஊதினான்.
அவன் அம்மா மன்னிப்புக் கேட்டாள்.
தேவையே இல்லை.
அன்று முழுக்க அந்த மூச்சு என்னோடு இருந்தது.

பத்தரைக்கு நிரம்பிவிடும்.
சங்கிலியை இழுத்துப் போடுவேன்.
பிறகு ஒன்று வெளியே வந்தால் ஒன்று உள்ளே.

அன்று வரிசையில் முதலில் நின்றது ஒரு பழைய டிரக்.
கதவில் உரிந்த எழுத்து: டிட்மோர் ஏசி ரிப்பேர்.
பின்னால் படகை இழுக்கும் கொக்கி,
துருப்பிடித்து, படகில்லாமல்.
போன ஜனவரியிலும் வந்தார்,
அதற்கு முந்தைய ஜனவரியிலும்.
கேமரா கிடையாது. பைனாகுலர் கிடையாது.

"அவ வந்துட்டாளா?"
"யாரு?"
"முதுகுல கோடு இருக்குமே."

இங்கே எல்லா முதுகிலும் கோடுதான்.
மோட்டார்ப் படகின் விசிறி கீறிய தழும்பை வைத்துத்தான்
டெல்ஃபின் ஆள் அடையாளம் காண்பாள்.
அவள் நோட்டுப் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு முதுகு,
பென்சிலில்.
அதன் நகல் ஒன்று என் கல்லாப்பெட்டிக்கு அடியில்.
புரட்டினேன்.
"ஏழு கோடு உள்ளவளா?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"எட்டு," என்றார்.
"கடைசிக் கோடு வாலுக்குக் கிட்ட.
தண்ணிக்கு மேல வராது."

பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.
ஓக் மரத்தில் அணில் ஒன்று
இடமும் வலமுமாக ஓடியது.
நான் ஏதாவது கேட்டிருக்கலாம்.
நான்கு டாலர் என்றேன்.
பத்து டாலர் தாளை நீட்டினார்,
மீதியை வாங்கக் கை நீளவில்லை.

ஐந்து மணிக்கு எல்லாரும் போன பிறகு
மரப்பாலத்தில் நடந்து போனேன்.
தண்ணீர் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை,
கீழே மணல் கொதிப்பது போலக் கிளம்பி அடங்கியது.
சாம்பல் நிறப் பாறைகள் என்று நினைத்தவை
ஒவ்வொன்றாக மேலெழுந்து மூச்சு விட்டன.
ஒருத்தி அருகில் மிதந்தாள்.
எண்ணினேன்: நான்கு, ஐந்து, ஆறு.
அதற்குள் இருட்டா, அவள் இறங்கினாளா,
தெரியவில்லை.

கூண்டுக்குத் திரும்பி நோட்டைத் திறந்தேன்.
வாலுக்குக் கிட்ட
ஒரு கோடு போட்டேன், மெல்லிசாக,
டெல்ஃபின் வேண்டுமானால் அழிக்கட்டும்.
மீதி ஆறு டாலரை என்ன கணக்கில் எழுதுவது என்று
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு
சங்கிலியைப் பூட்டினேன்.