இரண்டரை அடி

மொரப்பூரிலிருந்து ஒன்பதாவது மைலில்
சென்றாயனின் கடலைச் சால்கள்
நேரே வந்துகொண்டிருந்து
சட்டென்று இடப்பக்கம் வளைகின்றன.
பாறை இல்லை, கிணறு இல்லை,
ஒரு பாம்புப் புற்றுகூட இல்லை.
"எங்கப்பா அப்படித்தான் ஓட்டுவாரு" என்கிறார்.
டிராக்டருக்கும் அதே பழக்கம் வந்துவிட்டதாம்.

புலப்படத்தை விரிக்கிறேன்.
மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டிய தாள்.
அதில் அதே வளைவு,
எவனோ ஒரு பழைய சர்வேயர்
கை நடுங்காமல் இழுத்தது:
214/2. ரயில்வே புறம்போக்கு.

ரயில் போய் எண்பது வருஷத்துக்கு மேலாகிறது.
அதன் பின்னாலேயே
இன்னமும் போய்க்கொண்டிருக்கிறது நிலக்கடலை.

பஞ்சத்துக்குப் பயந்து போட்ட பாதை என்பார்கள்.
இரும்புக்கு இரும்பு இரண்டரை அடி.
மாட்டுவண்டித் தடத்தைவிட ஒடுக்கம்.
தானியம் எவ்வளவு வந்ததோ,
புளி போனது, தோல் போனது, ஆமணக்கு போனது.
மேட்டில் மூச்சு முட்டினால்
மூன்றாம் வகுப்பு இறங்கித் தள்ளுமாம்.
டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

பிறகு பஸ் வந்தது.
பிறகு யுத்தம்.
தண்டவாளத்தைப் பிடுங்கி ஏற்றிப் போனார்கள்,
எந்த ஊர் மணலில் போடவென்று
ஒன்பதாவது மைலில் யாருக்கும் சொல்லவில்லை.
மிச்சம்: கொஞ்சம் சரளை,
மாதம்மாள் ஆட்டுப்பட்டியில் ஒரு கட்டை,
நிலைச்சட்டத்தில் டார்ச் மாட்டுகிற ஆணி.

இப்போது அகலப்பாதை.
கல் நட வந்திருக்கிறேன்.
"எனக்கு எவ்வளவு வரும்மா?"

பழைய பேரேட்டின் நகல் பையில் இருக்கிறது.
மாதையன், சென்றாயனின் கொள்ளுத்தாத்தா, கைநாட்டு.
நிலத்துக்கு ரூபாய் பதினொன்று அணா நாலு.
புளியமரம் ஒன்றுக்குத் தனியாக இரண்டு ரூபாய்.
அன்றைக்கே வாங்கியாயிற்று.
தன் நிலத்துக்குத் தானே விலை கொடுக்காது சர்க்கார்.

இதை எப்படிச் சொல்வதென்று
பயிற்சியில் சொல்லித்தரவில்லை.
சொன்னேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன்.
செருப்பைக் கழற்றிவிட்டு
வளைவின் நடுவில் போய் நின்றார்.
காலை அகட்டினார், இன்னும் கொஞ்சம்,
இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தார்.
"இவ்வளவுதானே இருந்திருக்கும்?"

பட்டியிலிருந்து மாதம்மாள் குரல்:
"அந்த மரம் என்னா மரம்,
புளிப்பா இனிப்பா,
எழுதியிருக்கான்னு கேளு."

எழுதியிருக்கவில்லை.

பயிர் என்ற இடத்தில்
நிலக்கடலை, பூக்கும் பருவம் என்று போட்டேன்.
அதற்கு மட்டும் ஏதோ கொடுப்பார்கள்.
அந்தப் பக்கத்தில்
இந்த வருஷத்தைச் சேர்ந்தது அது ஒன்றுதான்.